புள்ளி எட்டு

அம்மா தனக்கு வந்த பணத்தைச் 'சம்பளம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பணம் வந்திருச்சு" என்பாள். சம்பளம் என்பது மாமாவுக்கு வருவது. மாமா, அம்மாவின் தம்பி, தாலுகா ஆபீசில் கிளார்க். மாதம் பிறந்தால் அவர் வீட்டுக்கு மளிகைச் சாமான் மொத்தமாக இறங்கும். எங்கள் வீட்டுக்கும் ஒரு பக்கோடாப் பொட்டலம் வரும். அம்மாவின் பணத்துக்குத் தேதி கிடையாது. சில மாதம் பத்தாம் தேதி, சில மாதம் இருபது, சில சமயம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து. வந்த அன்று கடைக்காரர் நோட்டில் ஒரு கோடு அடிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

எங்களுடையது சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அப்பா 1985இல் இறந்தபோது எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு மூன்று, அம்மாவுக்கு இருபத்தெட்டு. எங்கள் ஊரில் ஒரு பெண் சம்பாதிக்கப் போவதென்றால் இரண்டு வழிதான்: காடு, அல்லது தீப்பெட்டி ஆபீஸ். அம்மா ஒரு வருடம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். விடிகாலையில் வேன் வரும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். அந்த ஒரு வருடத்தில் அம்மாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம். காமராஜர் காலத்து மதிய உணவைவிடப் பல மடங்கு விரிந்தது. அதில் வேலை கொடுக்கும்போது விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை இருந்தது. தாலியறுத்த பெண் எதிரே வந்தால் சகுனம் பார்த்து நின்று போகிற ஊரில், அதே பெண் கையால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் எந்தச் சீர்திருத்தவாதியும் பேசிச் சாதிக்காததை ஓர் அரசாணை செய்தது. இதை நான் மறந்துவிட்டு எதையும் எழுத முடியாது. என் படிப்பு, என் கவிதை, இதோ இந்தக் கட்டுரை எல்லாம் அந்த அடுப்பிலிருந்து வந்தவை.

அம்மா சமையலர். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் 'சத்துணவு ஆயா'. இருபத்தொன்பது வயதில் ஆயா. விறகடுப்பில் அண்டா ஏற்றி, இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். இது முழுநேர வேலை அல்ல என்பது அரசின் கணக்கு. முழுநேர வேலை இல்லாததால் முழுச் சம்பளமும் இல்லை. கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம்.

*

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களில் கொஞ்சம் நின்றுதான் எனக்கு நகர வரும். 'ஊதியம்' திருக்குறளில் ஆதாயம், பயன் என்ற பொருளில் வருகிறது. 'சம்பளம்' என்பதைச் சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும் சேர்ந்த சொல்லாக விளக்குவது உண்டு. வகுப்பில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். 'கூலி' அன்றைய உழைப்புக்கு அன்றே கிடைப்பது. இவை மூன்றும் உழைப்பவர் பக்கம் நிற்கிற சொற்கள். நெல்லும் உப்பும் இல்லாமல் யாரும் உழைக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிற சொற்கள்.

அரசு அலுவலகத் தமிழ் இன்னும் சில சொற்களை உண்டாக்கியது. மதிப்பூதியம், தொகுப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், கௌரவ விரிவுரையாளர். இந்தச் சொற்களில் மதிப்பும் சிறப்பும் கௌரவமும் நிறைய இருக்கின்றன. பணம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அடைமொழி கூடும் என்பது நான் கண்ட இலக்கண விதி. மாவட்ட ஆட்சியரின் சம்பளத்துக்கு யாரும் 'சிறப்பு' என்று அடைமொழி போடுவதில்லை.

சத்துணவு, அங்கன்வாடி, ஆஷா என்று இந்த அடைமொழிகளுக்குக் கீழே நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சமைப்பது, பிள்ளை பார்ப்பது, பிரசவத்துக்குத் துணைபோவது எல்லாம் பெண்கள் வீட்டில் சும்மா செய்வதுதானே, அதற்கு எதற்குச் சம்பளம், ஒரு மரியாதைக்கு ஏதோ கொடுப்போம் என்கிற எண்ணம் அந்தச் சொற்களுக்குள் படுத்திருக்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்றது. பதினாறு வருடம் கழித்து, 2022 ஏப்ரலில், அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. அவர்கள் வாங்குவது பெயரளவில் மதிப்பூதியமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஊதியமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு சொல்லின் மேலிருந்த பூச்சைச் சுரண்ட அத்தனை வருடம் ஆனது.

*

2003 ஜூலை எங்கள் குடும்பத்தில் ஒரு மாதம் அல்ல, ஒரு ஆண்டு மாதிரி நடந்தது. நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு டெஸ்மா சட்டத்தை அவசரச் சட்டத்தால் மேலும் இறுக்கி, சுமார் 1,70,000 பேரைச் சில நாட்களில் வேலையைவிட்டு நீக்கியது. அதில் மாமாவும் ஒருவர்.

மாமா சாதுவான மனிதர். சங்கத்தில் சந்தா கட்டுவதோடு சரி. எல்லாரும் போனார்கள், அவரும் போனார். வேலை போன அன்று வீட்டுத் திண்ணையில் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளே அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், கூட்டுறவுச் சங்கத்தில் கடன். கடைக்காரர் அடுத்த வாரமே நோட்டை மூடிவிட்டார். சம்பளம் என்ற சொல்லுக்குக் கடை கொடுத்திருந்த மரியாதை அவ்வளவுதான்.

அந்த மாதம் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது அம்மாவின் பணத்தில். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள், அம்மா வடித்துப் போட்டாள். "அக்காவுக்கென்ன, கைச்செலவுக்கு ஆச்சு" என்று அந்தப் பணத்தைப் பற்றிச் சிரித்துச் சொல்லிப் பழகியவர் மாமா. ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அக்கா, ஒனக்குச் சம்பளம் வந்திருச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் அன்றுதான் முதன்முதலாக அவளுக்காகச் சொல்லப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நிபந்தனையற்ற மன்னிப்பும், அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆம் விதிக்கு இனிக் கட்டுப்படுவேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. ஆகஸ்ட் 6ஆம் தேதித் தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது நீதிமன்றம். மாமாவின் மன்னிப்புக் கடிதத்தை எழுதியது நான்தான். "நீ தமிழ் படிச்ச பிள்ள, தப்பில்லாம எழுதுவ" என்றார். அவருக்குக் கை நடுங்கியது. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய உரைநடையில் உடனே பலன் தந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் தேர்தல் முடிந்த கையோடு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. நிரந்தர ஊழியர்களைச் சீண்டினால் என்ன ஆகும் என்பதை எல்லாக் கட்சித் தலைவர்களும் அன்று கற்றுக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டார்கள் என்பது என் வாசிப்பு: நிரந்தர ஊழியர்கள் குறைவாக இருந்தால் சீண்டவேண்டிய தேவையே இருக்காது.

2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போயிருந்தது. தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வர 2006 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு வந்தார்கள். 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வந்தார்கள். 2017 நவம்பரில் அந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லாரும் என் மாணவிகள் வயது. ஆட்சிகள் மாறின. இந்த வழி மாறவில்லை.

*

இந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஓர் அரசுக் கல்லூரியில் ஏழு வருடம் கௌரவ விரிவுரையாளர். வருடத்துக்குப் பதினோரு மாதம்தான் எங்களுக்கு. மே மாதம் கிடையாது. மே மாதத்தில் வகுப்பு இல்லை, அதனால் பணமும் இல்லை. நிரந்தரப் பேராசிரியர்களுக்கும் மே மாதம் வகுப்பு இல்லை, ஆனால் அவர்களுக்கு வயிறு இருப்பதாக அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அம்மா கேட்பாள்: "அடுத்த மாசத்துக்கு என்ன செய்யப் போற?" முப்பது வருடம் தேதியில்லாப் பணத்தில் குடும்பம் நடத்தியவளிடம், முனைவர் பட்டம் வாங்கிய மகள் மே மாதத்துக்குக் கைநீட்டினேன்.

2016இல் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளச் சீட்டை அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் எண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இது ஒரு மாசத்துக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றபோது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் நான் நடத்திய அதே பாடம், அதே சிலப்பதிகாரம், அதே நாற்பது பிள்ளைகள். மாறியது நான் உட்காரும் நாற்காலியின் பெயர் மட்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில், சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு வழக்கில் சொன்னது. 2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு, கௌரவ விரிவுரையாளர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று வழிகாட்டியது. நான்கு வருடத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கொடுக்கப்பட்டது அதில் பாதி, 25,000. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வேலை பார்க்கிறார்கள்.

*

2019 ஜனவரியும் எனக்கு மறக்காது. பழைய ஓய்வூதியத்தைக் கேட்டு ஜாக்டோ-ஜியோ 22ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசு, தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. முதலில் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 10,000 என்று உயர்த்தினார்கள். அறிவித்த உடனே விண்ணப்பங்கள் குவிந்தன. வரிசையில் நின்றவர்களில் பி.எட். முடித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

ஒரே நாளில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள். முதலாவது, கூடப் படித்த தோழி, அரசுப் பள்ளி ஆசிரியை. மறியலில் கைதாகி ஒரு திருமண மண்டபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னாள். "நம்ம இடத்துக்கு ஆள் எடுக்கிறானுங்க, எவ போவாளோ தெரியல, போறவ வெளங்குவாளா?" இரண்டாவது, என் பழைய மாணவி. தனியார் பள்ளியில் 6,000 ரூபாய்க்கு வேலை பார்த்தவள். கைக்குழந்தை. "மேடம், பத்தாயிரம்ங்கிறாங்க. போகட்டுமா? தப்பா மேடம்?"

நான் தப்பு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் செய்ம்மா" என்றேன். எவ்வளவு சௌகரியமான வாக்கியம். மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவளால் மட்டுமே சொல்ல முடிகிற வாக்கியம். சில நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. தோழி பள்ளிக்குத் திரும்பினாள். மாணவிக்கு 10,000 கிடைக்கவே இல்லை. அவள் பிறகு என்னை அழைக்கவும் இல்லை.

அந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? ஒவ்வொரு போராட்டத்தின்போதும் ஆள்பவர்கள் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: மாநிலத்தின் வருவாயில் பெரும் பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விடுகிறது, மக்களுக்கு என்ன மிஞ்சும்? கேட்பவர்களுக்குக் கோபம் வரும். வரவேண்டியதுதான். தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்தி, "ஒங்களுக்கெல்லாம் என்ன கொறச்சல்" என்று என்னிடம் கேட்டால், பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அவளுடைய கூலி உயராமல் இருப்பதற்கு என் சம்பளம் காரணம் இல்லை. நூறு நாள் வேலை வந்தபோது எங்கள் ஊரில் காட்டு வேலைக்கு ஆள் கூப்பிட வந்தவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அரசு கொடுக்கிற அடிமட்டக் கூலிதான் ஊரின் அடிமட்டக் கூலியைத் தூக்கும், அல்லது அமுக்கும். அரசே ஒரு பட்டதாரிக்குப் பத்தாயிரம் போதும் என்றால் தனியார் பள்ளி நிர்வாகி எதற்கு அதற்கு மேல் கொடுக்கப் போகிறார்?

*

ஒரு ஆளுக்கு எவ்வளவு போதும் என்று முடிவுசெய்வதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன் ஒரு வேர் நம் குன்னூரில் இருக்கிறது. அங்கே இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் அய்க்ராய்ட். உழைக்கும் ஒரு ஆளுக்கு 2,700 கலோரி வேண்டும் என்ற அவருடைய கணக்கை 1957இல் டெல்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு எடுத்துக்கொண்டது. உணவு, ஆண்டுக்குத் தலைக்குப் பதினெட்டு கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு என்று கூட்டிக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பையும் மருத்துவத்தையும் அதில் சேர்த்தது. ஏழாவது ஊதியக் குழு 2015இல் 18,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாகச் சொன்னபோதும் இந்தச் சூத்திரத்தின் வழியாகத்தான் வந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு அதைப் பின்பற்றி 15,700 முதல் 2,25,000 வரை என்று தன் பட்டியலை வெளியிட்டது.

ஒரு கருத்தரங்குக்காக இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒரு குடும்பம் என்பது மூன்று நுகர்வு அலகுகள். சம்பாதிக்கிற கணவன் 1. மனைவி 0.8. இரண்டு குழந்தைகள் தலா 0.6. கூடவே ஒரு நிபந்தனை: பெண்களின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நல்ல எண்ணத்தில் வைத்த நிபந்தனைதான் அது. மனைவியும் சம்பாதிக்கிறாளே என்று காரணம் காட்டித் தொழிலாளியின் கூலியைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அதன் நிழல் இன்னொரு பக்கம் விழுந்தது. பெண் சம்பாதிப்பது கணக்கில் வராதது, மேல்வரும்படி, கைச்செலவுக்கு ஆவது. அந்த நிழலில்தான் மதிப்பூதியம் முளைத்தது.

பேப்பரை எடுத்து எங்கள் வீட்டைக் கூட்டிப் பார்த்தேன். அம்மா 0.8. நான் 0.6. தம்பி 0.6. மொத்தம் இரண்டு. எங்கள் வீட்டில் 'ஒன்று' என்று யாருமே இல்லை. 'ஒன்று' செத்துப்போன வீடுகளாகப் பார்த்துத்தான் அரசு அந்த வேலையைக் கொடுத்தது. கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு 'ஒன்று' உட்கார்ந்து சம்பாதிக்கிற மாதிரி பணத்தை அளந்தது.

*

தலைவர்கள் என்ன செய்ய வேண்டும்? கவிதை எழுதுகிறவளிடம் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முதலில், சம்பளத்தைப் பரிசாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அம்மாவுக்குச் சில நூறு ரூபாய் உயர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு நன்றி அறிவிப்புக் கூட்டம் இருக்கும். லாரியில் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவாள். என் அகவிலைப்படி ஏறும்போது நான் யாருக்கும் கைதட்டுவதில்லை. அது ஒரு முறை, விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. கீழே இருப்பவர்களுக்கு மட்டும் தேர்தல் வர வேண்டும், தலைவர் மனம் இளக வேண்டும். 2018இல் ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியருக்கான மதிப்பூதியத்தை 3,000இலிருந்து 4,500 ஆக உயர்த்தியது. பிறகு பல வருடம் அந்த 4,500 அசையவில்லை. பருப்பு விலை அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது, பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பட்டியலுக்குள் எழுத வேண்டும். 15,700தான் குறைந்தபட்சம் என்று அரசு சொன்ன 2017இல் செவிலியர்கள் 7,700இல் வந்து சேர்ந்த ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் எது குறைந்தபட்சம்? மதிப்பூதியம், தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ஆண்டும் நிதிநிலை அறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்கட்டும். கஜானாவில் பணம் இல்லை என்று சொல்வதற்கும் தலைவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இல்லாமையைப் பங்கிடும்போது மேலிருந்து தொடங்க வேண்டும். 2017 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000இலிருந்து 1,05,000 ஆனது. அதற்கு யாரும் வெயிலில் உட்காரவில்லை. வழி தெரியாதவர்கள் அல்ல அவர்கள்.

மூன்றாவது, போராடுகிறவர்களிடம் பேச வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. 2003இல் நடந்தது ஓர் ஆட்சி, 2025இல் நடந்தது வேறு ஆட்சி. மாமாவுக்காவது ஒரு கடிதம் எழுதித் திரும்பிப்போக ஒரு நாற்காலி இருந்தது. ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட பெண் மன்னிப்புக் கடிதம் எழுதினால்கூட யாருக்கு முகவரி போடுவாள்?

*

நம்மைப் போல மாதச் சம்பளம் வாங்குகிற பெண்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. தலைவர்களை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட முடியாது.

எங்கள் துறையில் என் மேசைக்கு அடுத்த மேசை சுயநிதிப் பிரிவு ஆசிரியையுடையது. என்னைவிட நன்றாகச் சங்க இலக்கியம் நடத்துவார். விடைத்தாள் திருத்துவது, தேர்வு மேற்பார்வை, கல்லூரி விழாவுக்குக் கோலம் எல்லாம் அவரிடம்தான் முதலில் போகும். அவர் வாங்குவது என் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. மே மாதம் அவருக்கும் கிடையாது. நாங்கள் இருவரும் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். சம்பளத் தேதி வந்தால் நான் கைபேசியைத் திருப்பி வைத்துக்கொள்வேன், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அவர் கண்ணில் படக்கூடாது என்று.

போன மார்ச்சில் எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. கோரிக்கைப் பட்டியலில் பன்னிரண்டு அம்சங்கள். தற்காலிக ஆசிரியர்களின் மே மாதச் சம்பளத்தை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். ஒரு மூத்த பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "அம்மா, அவங்க நம்ம சங்கத்துல உறுப்பினரே இல்லையே" என்றார். சந்தா கட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால்தான் உறுப்பினர் இல்லை என்றேன். வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நான்கு கைகள் எழுந்தன. நான்கும் பெண்கள்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவளுக்கு மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம் வந்தது. அதையும் "பணம்" என்றுதான் சொன்னாள். அவள் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் சோறு அளக்கிற கரண்டி ஒன்று இருந்தது. ஆணோ பெண்ணோ, தலையாரி பிள்ளையோ காலனிப் பிள்ளையோ, எல்லாத் தட்டிலும் அதே கரண்டி. மறுசோறு கேட்கிற பிள்ளைக்கு மறுபடியும் அதே கரண்டி. அவளுக்கு 0.6 தெரியாது.

கோரிக்கைப் பட்டியல் பழைய வரிசையிலேயே அச்சாகிப் போய்விட்டது. அடுத்த கூட்டம் ஜூனில். அடுத்த மேசை ஆசிரியையிடம் என் சம்பளச் சீட்டைக் காட்டினேன், அவருடையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டையும் படி எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை மறைத்து, கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறேன்.